ஊராட்சிக்கு முகக்கவசம்: கணக்கெடுப்பு முதல் கடைசிப் பெட்டி வரை

நோய் பரவுகிறது என்ற செய்தி வந்த இரண்டு மூன்று நாளில் மருந்துக்கடையில் முகக்கவசம் தீர்ந்துபோகும். பிறகு ஊர் மக்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு வருவார்கள். அந்த நேரத்தில் கொள்முதலையும் விநியோகத்தையும் முதன்முறையாக ஏற்கும் ஊராட்சித் தலைவர், செயலர், மகளிர் சுயஉதவிக் குழு, இளைஞர் மன்றத்தினர் ஆகியோருக்காக எழுதியது இது. கணக்கெல்லாம் 2,000 குடும்ப அட்டை, 7,000 பேர் உள்ள ஓர் ஊரை வைத்துப் போட்டிருக்கிறோம். உங்கள் ஊர் பாதி அளவென்றால் எண்களைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் வையுங்கள். சரக்குக் குறைவாக இருப்பதைவிட, "அடுத்த வாரம் கிடைக்குமா?" என்ற ஐயம்தான் கூட்டத்தைச் சேர்க்கும். தன் பங்கு எந்தத் தேதியில் கைக்கு வரும் என்று தெரிந்தவர் பத்துப் பெட்டி வாங்கிப் பதுக்கமாட்டார். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்தத் தேதியை உறுதியாகச் சொல்ல முடிவதற்காகத்தான்.

1. யாருக்கு எது என்று முதலில் பிரியுங்கள்

எல்லாருக்கும் ஒரே வகை வாங்கப் போனால் பணமும் போகும், தேவைப்பட்டவருக்கும் கிடைக்காது. மூன்று வகையாகப் பிரியுங்கள்.

என்95 அல்லது எஃப்எஃப்பி2 வகை (முகத்தோடு இறுகப் பொருந்தி நுண்துகளை வடிகட்டுவது) நோயாளியை நெருங்கிப் பார்க்கும் மருத்துவர், செவிலியர், ஆம்புலன்ஸ் பணியாளர், மாதிரி எடுப்பவர் ஆகியோருக்கு. இதை ஊராட்சி வாங்க வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவத் துறை வழியாக வரும். ஊராட்சியும் சந்தையில் போட்டிபோட்டால் விலைதான் ஏறும். யாராவது நன்கொடையாகக் கொடுத்தால் பில்லோடு வாங்கி அப்படியே சுகாதார நிலையத்தில் ஒப்படையுங்கள். மூச்சுவிடும் வால்வு வைத்தது வேண்டாம். அணிபவர் விடும் மூச்சு வடிகட்டப்படாமல் வெளியே போகும் என்பதால் 2020 ஜூலையில் மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகம் அதைத் தவிர்க்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது.

மூன்றடுக்கு சர்ஜிக்கல் முகக்கவசம் தூய்மைப் பணியாளர், ரேஷன் கடை ஊழியர், அங்கன்வாடிப் பணியாளர், வீடு வீடாகப் போகும் தன்னார்வலர், நோயுற்றவர் இருக்கும் வீடு ஆகியோருக்கு.

துணி முகக்கவசம் மற்ற எல்லாருக்கும். துவைத்துத் திரும்ப அணியலாம், ஊரிலேயே தைக்கலாம். 5 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு முகக்கவசம் கட்டாயமாக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொன்னது. அவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இந்தப் பிரிவு கொரோனா காலத்து அனுபவத்தில் போட்டது; நோய் வேறாக இருந்தால் இதுவும் மாறலாம். வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் தணிக்கையில், "ஏன் இதை வாங்கினீர்கள்?" என்ற கேள்விக்கு அந்தத் தாள்தான் பதில்.

2. எத்தனை வேண்டும்?

துணி வகை: 7,000 பேரில் சிறு குழந்தைகள் சுமார் 500 பேரைக் கழித்தால் 6,500. ஆளுக்கு 2 (ஒன்று துவைத்துக் காயும்போது மற்றொன்று) என்றால் 13,000. தையல் பழுதுக்கு 5 சதவீதம் சேர்த்து 13,650. 2020-இல் தமிழக அரசு ரேஷன் கடை வழியே கொடுத்ததும் ஆளுக்கு 2 வீதம்தான். ஒன்று மட்டும் கொடுத்தால் துவைக்காமலே தொடர்ந்து அணிவார்கள்.

சர்ஜிக்கல் வகை: களப்பணியாளர் 40 பேர், நாளுக்கு 2, 30 நாள் என்றால் 2,400, அதாவது 50 எண்ணிக்கைப் பெட்டி 48. நோயுற்றவர் வீட்டில் நாளுக்கு அவருக்கு 3, பார்த்துக்கொள்பவருக்கு 3, 14 நாளுக்கு 84. வீட்டுக்கு 2 பெட்டி வையுங்கள். 30 வீட்டுக்கு 60 பெட்டி. மொத்தம் 108. அட்டைப்பெட்டிக்கு 40 பெட்டி, அதாவது 2,000 எண்ணிக்கை வருவது வழக்கம் என்பதால் 3 அட்டைப்பெட்டி வாங்கினால் முதல் மாதத்துக்குப் போதும்.

குடும்ப அட்டை இல்லாதவர்களை மறந்துவிடாதீர்கள். செங்கல் சூளை, நூற்பாலை விடுதி, கட்டட வேலை நடக்கும் இடம் என்று வெளிமாநிலத் தொழிலாளர் தங்கியிருக்கும் இடங்களுக்கு நேரில் போய்த் தலையெண்ணிக்கை எடுங்கள். விடுதிப் பொறுப்பாளர் தொலைபேசியில் சொல்லும் எண் பெரும்பாலும் பழையதாக இருக்கும்.

3. வாங்குவதற்கு முன் தயாராக வேண்டிய காகிதங்கள்

ஊராட்சித் தீர்மானம், மூன்று விலைப்புள்ளி, கொள்முதல் ஆணை, ஜிஎஸ்டி பில், சரக்கு வரவுச் சீட்டு, இருப்புப் பதிவேடு. இந்த ஆறும் முதல் நாளிலிருந்தே ஒரே கோப்பில் இருக்கட்டும். அரசு பேரிடர் அல்லது அவசரநிலை அறிவித்திருந்தால் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இன் 16-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆனாலும் அந்த விலக்கைப் பயன்படுத்துகிறோம் என்று தீர்மானத்தில் எழுத வேண்டும். வட்டார வளர்ச்சி அலுவலரின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்குங்கள். விலக்கு டெண்டருக்குத்தான். பில்லுக்கு விலக்குக் கிடையாது.

கொள்முதல் ஆணையில், "3 அடுக்கு முகக்கவசம்" என்று மட்டும் எழுதினால் மூன்று அடுக்கும் வெறும் ஸ்பன்பாண்ட் துணியாக (நெய்யாமல் இழைகளை ஒட்டிச் செய்யும் சாதாரணத் துணி) வந்து நிற்கும். வடிகட்டுவது மெல்ட்-புளோன் என்ற மிக நுண்ணிய இழைப் படலம்தான். மூன்றடுக்குத்தான், ஆனால் வடிகட்டாது. இப்படி எழுதுங்கள்: வெளி அடுக்கு ஸ்பன்பாண்ட், நடு அடுக்கு மெல்ட்-புளோன், உள் அடுக்கு ஸ்பன்பாண்ட், ஐஎஸ் 16289 தரம், அளவு 17.5-க்கு 9.5 செ.மீ.; மூக்குக் கம்பி உண்டு; பெட்டிக்கு 50. ஐஎஸ் 16289 என்பது சர்ஜிக்கல் முகக்கவசத்துக்கான இந்தியத் தரம். அதன் முதல் வகுப்பு பாக்டீரியாவை 95 சதவீதமும், இரண்டாம் மூன்றாம் வகுப்புகள் 98 சதவீதமும் தடுக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு இரத்தம் போன்ற திரவம் தெறிப்பதையும் தாங்கும். ஊராட்சித் தேவைக்கு முதல் வகுப்புப் போதும். சோதனை அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அதில் இருக்கும் பெயரும் விற்பவரின் பெயரும் ஒன்றா, தேதி என்ன என்று பாருங்கள். வேறொருவர் அறிக்கையை நகலெடுத்துக் காட்டுவது தட்டுப்பாட்டுக் காலத்தில் சாதாரணமாக நடக்கும். ஐயம் இருந்தால் கோவையில் உள்ள சிட்ரா (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்) ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம்.

பணம் கொடுப்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "இன்று முழுப்பணம் போட்டால் நாளை லாரி" என்பவரிடம் வாங்காதீர்கள். ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டு நிறுவனத்தின் பெயர், முகவரி, பதிவு நடப்பில் உள்ளதா என்பதைப் பாருங்கள். வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும், ஒரு தனிநபரின் பெயரில் அல்ல. முன்பணம் 30 சதவீதம், மீதி சரக்கு வந்து சோதித்த பிறகு என்று ஆணையிலேயே எழுதுங்கள். இதற்கு ஒப்பாத வியாபாரியிடம் இருந்து சிறிய அளவில், நேரில் போய், கையில் வாங்கி வருவது நல்லது.

வெளிமாநிலத்திலிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு வந்தால் இ-வே பில் (சரக்கு கொண்டுவர ஜிஎஸ்டி இணையத்தில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் 1 லட்சத்துக்கு மேல். இது இல்லாமல் சோதனைச் சாவடியில் வண்டி நின்றுவிட்டால் உங்கள் விநியோகத் தேதி தள்ளிப்போகும்.

விலை உச்சவரம்பு நடப்பில் உள்ளதா என்றும் பாருங்கள். 2020 மார்ச் 13-இல் முகக்கவசம் அத்தியாவசியப் பண்டமாக அறிவிக்கப்பட்டது. மார்ச் 21 முதல் இரண்டடுக்குக்கு 8 ரூபாய், மூன்றடுக்குக்கு 10 ரூபாய் என்று சில்லறை விலைக்கு வரம்பு வந்தது. அது அந்த ஆண்டு ஜூன் 30 வரைக்குமான ஆணை. இப்படி ஓர் ஆணை இருக்கும்போது, "பில்லில் 10 ரூபாய், மீதியைக் கையில் கொடுங்கள்" என்று கேட்பவர் வருவார். கொடுத்தால் கள்ளச்சந்தைக்கு ஊராட்சியும் துணைபோனதாகிவிடும். அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தில் இதற்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. அத்தகைய அழைப்பை மாவட்ட வழங்கல் அலுவலருக்குத் தெரிவியுங்கள்.

4. சரக்கு இறங்கும்போதே சோதியுங்கள்

லாரி போன பிறகு குறை சொல்லிப் பயனில்லை. ஒவ்வோர் அட்டைப்பெட்டியிலும் மேல், நடு, அடி என்று மூன்று பெட்டி எடுங்கள்.

பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், எண்ணிக்கை, அதிகபட்ச விலை, புகார் எண் அச்சாகியிருக்க வேண்டும். உள்ளே 50 இருக்கிறதா என்று எண்ணுங்கள். 45, 46 இருப்பது அரிதல்ல. ஒன்றை எடுத்துக் காதுவளையத்தில் 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பத்து நொடி தொங்கவிடுங்கள். ஒட்டு விடக்கூடாது. இன்னொன்றைக் குறுக்கே கத்தரித்து அடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள். நடுவில் இருப்பது நூலிழை தெரியாத, காகிதம்போல் வெண்மையான மெல்லிய படலமாக இருக்க வேண்டும். வெளிப்பக்கத்தைக் கிண்ணம்போல் குழித்துத் தண்ணீர் ஊற்றினால் ஒழுகக்கூடாது.

இந்தச் சோதனைகள் வெளிப்படையான போலியை விலக்கத்தான். வடிகட்டும் திறனை வீட்டில் அளக்க முடியாது. அதற்கு ஆய்வக அறிக்கைதான் வழி.

நன்கொடையாக வரும் என்95-க்குத் தனிக் கவனம் வேண்டும். அமெரிக்காவின் நயோஷ் (பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம்) அங்கீகாரம் பெற்றது என்று சொன்னால் அதில் டிசி-84ஏ (TC-84A) என்று தொடங்கும் எண் அச்சாகியிருக்கும். தலையைச் சுற்றும் இரண்டு பட்டை இருக்கும். காதுவளையம் வைத்து, "நயோஷ் என்95" என்று எழுதியிருந்தால் அது போலி. இந்தியத் தயாரிப்பில் ஐஎஸ்ஐ முத்திரையும் அதன் கீழ் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது என்று தெரிந்துவிடும்.

சரக்கைத் தரையில் வைக்காதீர்கள். அரை அடி உயரப் பலகைமேல், சுவரிலிருந்து தள்ளி, வெயில் படாத அறையில் அடுக்குங்கள். ஈரமும் எலியும்தான் எதிரி. எந்தச் சூழலிலும் சானிடைசரையோ கிருமிநாசினியையோ முகக்கவசத்தின்மேல் தெளிக்கவிடாதீர்கள். மெல்ட்-புளோன் அடுக்கு நுண்துகளைப் பிடிப்பதற்கு அதில் ஏற்றியுள்ள நிலைமின்னூட்டமும் காரணம். ஆல்கஹால் பட்டால் அது போய்விடும். பார்க்க முகக்கவசம் அப்படியே இருக்கும், வேலை செய்யாது. சர்ஜிக்கல், என்95 வகைகளைத் துவைப்பதும் அப்படியே.

5. ஊரிலேயே தைப்பது

சுயஉதவிக் குழுவிடம் கொடுப்பதுதான் எங்கள் பரிந்துரை. பணம் ஊருக்குள்ளேயே இருக்கும், வரவுத் தேதி உங்கள் கையில் இருக்கும்.

துணி: உள்ளே பருத்தி, நடுவில் பாலிபுரொப்பிலீன் நான்-ஓவன் (நெய்யாத செயற்கைத் துணி), வெளியே நெருக்கமாக நெய்த துணி. உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனில் இந்த மூன்றடுக்கு அமைப்பைத்தான் சொன்னது. வெளியடுக்கு ஈரம் உறிஞ்சாத பாலியெஸ்டர் கலப்பாக இருந்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நெருக்கமான பாப்ளின் போதும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விளக்கு தெளிவாகத் தெரிந்தால் வேண்டாம். பனியன் துணியில் ஒற்றை அடுக்காகத் தைத்தது மலிவாகக் கிடைக்கும், ஆனால் முகத்தில் இழுபடும்போது துணியின் துளைகள் விரிந்துவிடும்.

வெட்டு அளவு: பெரியவருக்கு 8-க்கு 7 அங்குலம், மூன்று மடிப்பு. 6 முதல் 12 வயதுக்கு 7-க்கு 6 அங்குலம், இரண்டு மடிப்பு. 44 அங்குல அகலத் துணியில் மீட்டருக்குப் பெரிய துண்டு 25 வரும். உள்ளும் வெளியும் சேர்ந்து இரண்டு துண்டு என்பதால் மீட்டருக்கு 12 முகக்கவசம். எல்லாவற்றையும் பெரிய அளவாகவே வைத்துப் போட்டால் 13,650-க்கு இரண்டடுக்கும் சேர்த்து 1,138 மீட்டர், நடுத்துணி அதே அகலத்தில் 546 மீட்டர். எலாஸ்டிக் பக்கத்துக்கு 7 அங்குலம், ஒன்றுக்கு 14 அங்குலம். 4,850 மீட்டரைத் தாண்டும், 5,000 வாங்குங்கள். தட்டுப்பாட்டில் முதலில் தீர்வது எலாஸ்டிக்தான். அது கிடைக்காதபோது துணி நாடா தைத்துப் பின்னால் கட்டும் மாதிரியாக மாற்றிக்கொள்ளலாம். நேரம் கூடும், வேலை நிற்காது.

பருத்தியை வெட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்துக் காயவையுங்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கி மூக்கு வெளியே தெரியும். மெல்லிய ஊசி போடுங்கள். தடித்த ஊசி துணியில் ஓட்டை விடும். நடுவில் தையல் ஓடும் கிண்ண மாதிரி அழகாக இருந்தாலும் புதியவர்களுக்கு வேண்டாம். அந்தத் தையல் மூக்குக்கும் வாய்க்கும் நேர் எதிரே வரும்.

வெட்டுபவர், மடிப்பவர், தைப்பவர், நூல் கத்தரித்து எண்ணுபவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டால் ஒரு தையல் இயந்திரத்துக்கு நாளுக்கு 80 என்று திட்டமிடலாம். 20 இயந்திரம் என்றால் 1,600. ஒன்பது நாளில் முடியும். மின்வெட்டு, துணி தாமதம் இரண்டுக்கும் சேர்த்து 12 நாள் என்று ஊருக்குச் சொல்லுங்கள். சொன்ன தேதிக்கு முன்னால் கொடுத்தால் நல்ல பெயர், ஒரு நாள் தள்ளினாலும் கூட்டம் வந்துவிடும்.

செலவுக் கணக்கு இப்படிப் போட வேண்டும். விலைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டும்: பருத்தி மீட்டர் 60 ரூபாய் என்றால் ஒன்றுக்கு 5, நடுத்துணி 25 என்றால் 1, எலாஸ்டிக் மீட்டர் 3 என்றால் 1.07, நூலும் மூக்குக் கம்பியும் 0.50. ஆக 7.57. பழுதுக்கு 5 சதவீதம் சேர்த்து 7.95. தையல்கூலி 4, வெட்டவும் இஸ்திரிக்கும் கட்டவும் 1. மொத்தம் 12.95. கூலியைத் துண்டுக்கு இவ்வளவு என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், வாரம் ஒருமுறை கொடுத்துவிடுங்கள். கூலி நிலுவையில் நின்றால் நல்ல தையல்காரர்கள் வெளி ஆர்டருக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது.

குழுவின் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. குழுவின் முத்திரையும் இரு கையெழுத்தும் உள்ள பில் போதும்.

6. விநியோகம்: தேதி போட்ட சீட்டு

"நாளை காலை 9 மணிக்கு அலுவலகத்தில் கொடுக்கப்படும்" என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பதைவிடப் பெரிய தவறு இல்லை. 6 மணிக்கே வரிசை நிற்கும். நோய் பரவுவதற்கே அந்த வரிசை இடம் கொடுக்கும்.

தைவானில் 2020 பிப்ரவரி 6-இல் தொடங்கிய முறையைப் பாருங்கள். தேசியக் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் வாரத்துக்கு 2 முகக்கவசம், ஒன்று 5 தைவான் டாலர். அடையாள எண் ஒற்றையில் முடிந்தால் ஒருசில நாள், இரட்டையில் முடிந்தால் மற்ற நாள், ஞாயிறு எல்லாருக்கும். எந்த மருந்துக்கடையில் எத்தனை இருக்கிறது என்று இணைய வரைபடத்திலும் காட்டினார்கள். சில கடைகள் காலையிலேயே எண் சீட்டுக் கொடுத்துவிட்டதால் வரைபடத்தில் சரக்கு இருப்பதுபோல் தெரியும், கடையில் இருக்காது. ஒதுக்கிவிட்டதையும் கையில் இருப்பதையும் தனித்தனியாகச் சொல்லாவிட்டால் எந்த முறையும் இப்படிச் சறுக்கும். தென்கொரியா மார்ச் 9 முதல் பிறந்த ஆண்டின் கடைசி இலக்கத்தை வைத்துத் திங்கள் முதல் வெள்ளி வரை பிரித்தது.

நம் ஊருக்குக் குடும்ப அட்டை எண்ணின் கடைசி இலக்கமே போதும். நாளுக்கு இரண்டு இலக்கம், ஐந்து நாள். 2,000 அட்டையில் நாளுக்கு ஏறத்தாழ 400. காலை 9 முதல் 1, பிற்பகல் 2 முதல் 6 என்று எட்டு மணி நேரம். மணிக்கு 50 அட்டை. இரண்டு மேசை போட்டால் ஒரு மேசைக்கு 25, அட்டைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். வீட்டுக்கு வீடு சீட்டுக் கொடுங்கள். அதில் அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கம், நாள், மணி, பெரியவர் எத்தனை, சிறுவர் எத்தனை என்று எழுதியிருக்கட்டும். குடும்பத்துக்கு வேண்டியதை முதல்நாளே எண்ணிப் பையில் போட்டு வையுங்கள். மேசையில் எண்ணத் தொடங்கினால் இரண்டு நிமிடம் ஐந்தாகிவிடும்.

அடிக்கடி வரும் சிக்கல்கள்: சீட்டுத் தொலைந்தவர் அட்டையைக் காட்டினால் கொடுங்கள், பதிவேட்டில் கையெழுத்து அல்லது கைரேகை வாங்குங்கள். அக்கம்பக்கத்தவருக்காக வாங்க வருபவர் அந்த அட்டையோடு வந்தால் அனுமதியுங்கள். இரண்டு அட்டைக்கு மேல் வேண்டாம். தவறிய நாளுக்கு ஆறாம் நாள் ஒன்றை ஒதுக்குங்கள். முதியோர், மாற்றுத்திறனாளி, நோயுற்றவர் வீட்டுக்கு நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கள். தொழிலாளர் விடுதிக்கும் அப்படியே, மாலை அவர்கள் வேலை முடிந்து வந்த பிறகு. ஒரு தெருவுக்கு முதலில், இன்னொரு தெருவுக்குப் பிறகு என்று தெருவாரியாகப் பிரிக்காதீர்கள். எந்தத் தெருவில் யார் வசிக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த ஊரில், அந்த வரிசையே சண்டையாகும். அட்டை இலக்கத்துக்குத் தெரு கிடையாது.

கொடுக்கும்போது ஒரு நிமிடம் அணிந்து காட்டுங்கள். மூக்கும் தாடையும் மூட வேண்டும், சர்ஜிக்கலில் நிறமுள்ள பக்கம் வெளியே, கம்பி மேலே. துணி வகையைச் சோப்பில் துவைத்து 5 மணி நேரம் நல்ல வெயிலில் காயவைக்கச் சொல்லுங்கள். மழைநாளில் உப்புப் போட்ட தண்ணீரில் குக்கரில் 10 நிமிடம், குக்கர் இல்லாவிட்டால் கொதிநீரில் 15 நிமிடம். மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2020-இல் வெளியிட்ட கையேட்டில் சொன்ன முறை இது.

7. இருப்புப் பலகை

அலுவலக வாசலில் ஒரு கரும்பலகை. காலை 8, பிற்பகல் 1, மாலை 6 மணிக்கு மூன்று எண் எழுத வேண்டும்: கையில் இருப்பது, ஏற்கெனவே சீட்டுக்கு ஒதுக்கியது, அடுத்த சரக்கு வரும் தேதி. இருப்புக் குறைவாக இருக்கும்போதும் எழுதுங்கள். மறைத்தால், "உள்ளே ஆயிரம் பெட்டி இருக்கிறதாம்" என்ற பேச்சு மாலைக்குள் ஊர் முழுக்கப் போகும். "பீதி வேண்டாம்" என்று அறிவிப்பதால் யாருடைய பீதியும் குறைவதில்லை, தேதியைச் சொல்லுங்கள்.

மருந்துக்கடைக்காரர்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள். ஆளுக்கு 5 மட்டும், பில் கட்டாயம், பெட்டியாக விற்பதில்லை என்று கடைகள் எல்லாம் ஒரே நாளில் தொடங்கினால்தான் பலன். ஒரு கடை மட்டும் கட்டுப்பாடு போட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார், கட்டுப்பாடு போட்டவருக்குத்தான் நட்டம்.

8. எப்போது மறுபடி ஆர்டர் போடுவது?

தீர்ந்த பிறகு அல்ல. களப்பணியாளருக்கு நாளுக்கு 80, ஒரே நேரத்தில் நோயுற்ற வீடு 10 என்றால் 60, ஆக 140. சரக்கு வர 10 நாள் என்றால் 1,400, அதன்மேல் ஒரு வாரக் கையிருப்பு 980. மொத்தம் 2,380. ஆகவே இருப்பு 48 பெட்டிக்கு இறங்கிய அன்றே ஆணை போக வேண்டும். நோயுற்ற வீடுகள் கூடும்போது இந்த எண்ணும் கூடும் என்பதால் வாரம் ஒருமுறை திருத்துங்கள்.

9. பயன்படுத்தியதும் மீந்ததும்

பொதுமக்களின் கழித்த சர்ஜிக்கல் முகக்கவசத்தைக் காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்திருந்து, வளையத்தையும் துணியையும் கத்தரித்து, உலர் குப்பையில் சேர்க்கச் சொன்னது மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம். கத்தரிப்பது மறுபடி விற்காமல் இருக்க. நோயுற்றவர் வீட்டிலிருந்து வருவது மஞ்சள் பையில், மருத்துவக் கழிவாகத் தனியாகப் போக வேண்டும். தூய்மைப் பணியாளருக்கு அந்த வீடுகளின் பட்டியலும் தடித்த கையுறையும் முதல் நாளே கொடுங்கள்.

நோய் அலை ஓய்ந்ததும் மீதிப் பெட்டிகளை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். எலாஸ்டிக் நாள்பட்டால் இறுகி அறும், ஒட்டு விடும். காலாவதித் தேதிக்கு ஆறு மாதம் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அந்த ரசீதை இருப்புப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி, வரவும் செலவும் சமமாகிறதா என்று கூட்டிப் பார்த்து, அடுத்த கிராமசபையில் வாசியுங்கள்.